அக்காவின் மரப்படி

எங்கள் ஊரில் ரயில்வே ஸ்டேஷன் இருக்கிறது என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஸ்டேஷன் இருக்கிறது, நான் இல்லையென்று சொல்லவில்லை. கட்டடம் இருக்கிறது, தண்டவாளம் இருக்கிறது, மஞ்சள் பலகையில் மூன்று மொழியில் ஊர்ப் பெயர் இருக்கிறது. காலையில் காரைக்குடிக்குப் போகிற ரயிலும் தவறாமல் வருகிறது. வந்து, ஊதிவிட்டு, போய்விடுகிறது. சாயங்காலம் காரைக்குடியிலிருந்து திரும்புகிற வண்டி மட்டும் நிற்கும். காரைக்குடியிலிருந்து எங்கள் ஊருக்கு ரயிலில் வரலாம், எங்கள் ஊரிலிருந்து காரைக்குடிக்கு ரயிலில் போக முடியாது. இப்படி ஓர் ஏற்பாட்டை உட்கார்ந்து யோசித்தவர் யாரென்று தெரிந்தால் நேரில் போய் நாலு வார்த்தை கேட்கலாம் என்று எனக்கு ஆசை.

இன்னும் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்டேஷனைத் தாண்டிக் கூப்பிடு தூரத்தில் கண்மாய்க்குப் போகிற பாதைக்கு ஒரு கேட். அந்தக் கேட்டுக்கு ஆள் போடவில்லை. அதனால் கேட்டை மூடுகிறவரும் திறக்கிறவரும் அந்த ரயிலிலேயே வருகிறார்கள். வண்டி கேட்டுக்கு முன்னால் நிற்கும், ஒருவர் இறங்கிச் சாத்துவார். கேட்டைத் தாண்டி மறுபடி நிற்கும், கடைசிப் பெட்டியிலிருந்து இன்னொருவர் இறங்கித் திறந்துவிட்டு ஏறிக்கொள்வார். ஆள் இல்லாத கேட்டில் இரண்டு தடவை நிற்கிற ரயில், ஆள் காத்துக்கிடக்கிற ஸ்டேஷனில் ஒரு தடவை நிற்காது. கேட்டில் ஓடிப்போய் ஏறலாமே என்று நினைத்தால், ஏறினால் குற்றம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். அதை மட்டும் பிழையில்லாமல் எழுதியிருக்கிறார்கள்.

இது எனக்கு ஊர்ப் பிரச்சினையாக இருந்திருந்தால் இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. இது என் அக்காவின் பிரச்சினை. சின்ன வயதில் போலியோ வந்து அவளுக்கு இடது கால் சூம்பிப்போனது. தொடையிலிருந்து பாதம் வரை இரும்புக் கம்பியும் தோல்பட்டையும் வைத்த காலிபரை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு கம்போடு நடப்பாள். அந்தக் கால் மடங்காது. எங்கே ஏறுவதானாலும் வலது காலைத் தூக்கி வைத்து, கையை ஊன்றி, இடது காலை இழுத்து மேலே சேர்க்க வேண்டும். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. என் வீட்டுக்காரர் துபாயில் இருப்பதால் நானும் அவளும்தான் வீட்டில். நான் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

பழைய ஸ்டேஷனைப் பற்றிப் பேச்செடுத்தால் ஊரில் எல்லாரும் உருகுவார்கள். நான் உருக மாட்டேன். அங்கே பெண்கள் ஒதுங்க இடம் கிடையாது. ஜெகதாப்பட்டினத்திலிருந்து வண்டி வண்டியாக வந்து இறங்குகிற கருவாட்டு மூட்டைகளை நடைமேடையில் அடுக்கி வைத்திருப்பார்கள். அந்த வாடை கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளின் தாவணியில் ஏறிக்கொண்டு வகுப்பு முடியும் வரைக்கும் போகாது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அது மீட்டர்கேஜ் காலம். வண்டி குட்டை, வண்டியின் படியும் குட்டை. கடைசிப் பெட்டியில் வருகிற கார்டு, அக்கா ஏறிவிட்டாளா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பச்சைக்கொடியை எடுப்பார். அந்த வண்டியில் போய்த்தான் அவள் பி.காம். படித்தாள். அந்த வண்டியில் போய்த்தான் காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையின் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள்.

பிறகு அகலப்பாதை போடப்போகிறோம் என்று தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். பெயர்த்ததில் காட்டிய வேகத்தை மறுபடி போடுவதில் காட்டவில்லை. வருடக்கணக்கில் அந்தத் தடம் வெறும் கப்பிமேடாகக் கிடந்தது. எங்கள் தெரு ஆடுகள் அதில் மேய்ந்தன. அக்கா பஸ்ஸில் போகத் தொடங்கினாள். பஸ் படியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, முழங்கால் நன்றாக இருப்பவர்களே திணறுகிற உயரம். நடத்துநர் விசில் கொடுத்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் இரண்டு பேர், உதவி செய்கிறோம் என்று இவளைக் கேட்காமலே இரண்டு கக்கத்திலும் கையைக் கொடுத்துத் தூக்கியிருக்கிறார்கள். பஸ் நகர்ந்ததும் ஒருவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இவளை விட்டுவிட்டான். ரோட்டில் விழுந்தாள். இடுப்பில் அடி, காலிபர் வளைந்துபோனது. அன்றைக்கு முடிவு செய்தாள், இனிமேல் தன்னை ஒருத்தரும் கையால் தூக்கக் கூடாது, பஸ்ஸும் வேண்டாம் என்று. வேலையை விட்டாள்.

வீட்டிலிருந்தபடியே ஊர்க் கடைக்காரர்களுக்குக் கம்ப்யூட்டரில் வரிக்கணக்குப் போட்டுக் கொடுத்தாள். சாப்பாட்டுக்கு ஒன்றும் குறைவில்லை. ஆனால் பேச்சுக் குறைந்தது. நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்து நிற்பாள், நான் தெருமுனை திரும்புகிற வரை அங்கேயே நிற்பாள். சம்பளம்தான் வேண்டுமென்றால் இங்கேயே இன்னும் நாலு கடை பிடிக்கலாமே என்று ஒருநாள் சொன்னேன்.

"நான் சம்பளத்துக்கா போனேன்?" என்றாள். "காலையில தலை சீவி, நல்ல சேலையாக் கட்டி, ஒரு எடத்துக்குப் போகணும்டி. எனக்கு அம்புட்டுத்தான்."

ஒருவழியாக அகலப்பாதையில் ரயில் வந்தது. வந்தபோதுதான் தெரிந்தது, எங்கள் ஸ்டேஷனைத் தரம் குறைத்துவிட்டார்கள் என்று. ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது. காத்திருப்போர் அறைக்குப் பூட்டு. குழாய் உண்டு, தண்ணீர் கிடையாது. எல்லாவற்றையும் விடக் கொடுமை, வண்டி உயரமாகிவிட்டது, நடைமேடை பழைய மட்டத்திலேயே தரையோடு தரையாகக் கிடக்கிறது. பெட்டியின் முதல் படியே எனக்கு இடுப்புக்கு வருகிறது. சாயங்கால வண்டியில் மேற்கொண்டு போகிற வயதானவர்களைப் பிள்ளைகள் மூட்டை மாதிரி உள்ளே தள்ளுகிறார்கள். இறங்குகிறவர்கள் முதலில் பையைப் போட்டுவிட்டுப் பிறகு குதிக்கிறார்கள்.

காலை வண்டியும் நிற்க வேண்டும் என்று ஊரில் ஒரு குழு அமைந்தது. எங்கள் ஊர் மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டாகக் கிடக்கிற ஊர். மேலத்தெருவுக்கு ஒரு பெரிய மனிதர், ரைஸ்மில் வைத்திருக்கிறார். கீழத்தெருவுக்கு ஒரு பெரிய மனிதர், ரோடு காண்ட்ராக்ட் எடுக்கிறார். கோயிலில் முதல் மரியாதை யாருக்கு, பரிவட்டம் யார் தலையில் முதலில் கட்டுவது என்று இந்த இரண்டு தெருவும் போட்ட சண்டையில் எங்கள் ஊர்த் தேர் பல வருடமாக நிலையை விட்டு நகரவில்லை. தேரை ஓடவிடாதவர்கள் சேர்ந்து ரயிலை நிறுத்தப் போகிறார்கள் என்று நான் வீட்டில் சொல்லிச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அவளுக்கு அந்த ரயில் வேண்டும்.

குழுவுக்கும் அக்கா வேண்டியிருந்தது. மனுவோடு வைக்க ஒரு படம் வேண்டும் என்று அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய், காலிபர் தெரிகிற மாதிரி சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். நான் அங்கேயே சத்தம் போட்டேன். அக்கா என்னை அடக்கிவிட்டு, சேலையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். அந்தப் படம் ஊர்ஊராகப் போனது. எத்தனை அலுவலகத்து மேசையில் என் அக்காவின் கால் கிடந்தது என்று எனக்குத் தெரியாது.

ஆனாலும் பலன் கிடைத்தது. சோதனை முறையில் கொஞ்ச காலத்துக்குக் காலை வண்டி ஒரு நிமிடம் நிற்கும், கூட்டத்தைப் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்வோம் என்று உத்தரவு வந்தது. அக்கா பழைய ஜவுளிக்கடைக்குப் போன் போட்டாள். அங்கே கணக்குப் பார்க்கிற பெண் பிரசவத்துக்குப் போய்விட்டு இனி வருவதில்லை என்று சொல்லியிருந்தாள். வந்து சேர்ந்துகொள்ளம்மா, மாதக் கடைசி வரைக்கும் இடத்தை வைத்திருக்கிறேன் என்றார் கடைக்காரர். அவள் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

இனி ஏறுவதுதான் பாக்கி. ஒரு நிமிடம், இடுப்பளவு உயரம், மடங்காத கால். கையால் தூக்கக் கூடாது. அக்காவே வழி கண்டுபிடித்தாள். ஒரு சாயங்காலம் நிற்கிற வண்டிக்குப் பக்கத்தில் போய், தரையிலிருந்து பெட்டியின் படி வரைக்கும் தன் கம்பை வைத்து அளந்து சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு வந்தாள். அந்தக் கம்பை ஆசாரியிடம் கொண்டுபோனோம். பூவரசம் பலகையில் இரண்டு தட்டு வைத்து ஒரு மரப்படி செய்துகொடுத்தார். மேல்தட்டில் கைவிட்டுத் தூக்க ஓர் ஓட்டை. நான் ஒரு கையால் தூக்கிவிடுவேன். அக்கா ஏறியதும் நான் படியை எடுத்துக்கொள்ள வேண்டும், சாயங்காலம் அவள் வருகிற வண்டிக்கு மறுபடி கொண்டுபோய்ப் போட வேண்டும். காரைக்குடியில் நடைமேடை உயரம், அங்கே படி தேவையில்லை. வீட்டில் பின்கட்டுத் திட்டின் பக்கத்தில் படியைப் போட்டு ஏறி ஏறிப் பழகினாள். முதலில் தடுமாறினாள். பிறகு நான் மூச்சை இழுத்துவிடுகிற நேரத்துக்குள் மேலே நின்றாள். இடது கால் பலகையில் உரசி ஏறும்போது 'கிறீச்' என்று ஒரு சத்தம் வரும், அதைக் கேட்டு இரண்டு பேரும் சிரித்துக்கொள்வோம்.

ரயில் நிற்கிற முதல் நாள் வந்தது. ஸ்டேஷனைப் பார்த்தபோது எனக்குக் கோயில் திருவிழாவா என்று சந்தேகமாக இருந்தது. வாழை மரம், மாவிலைத் தோரணம், மைக்செட், மேளம், அண்டா நிறையச் சர்க்கரைப் பொங்கல். புதிதாக ஒரு சிமென்ட் பெஞ்சு போட்டிருந்தார்கள், முதுகு சாயும் இடம் முழுக்க 'உபயம்' என்று காண்ட்ராக்டரின் பெயர். அதற்குப் போட்டியாக ஒரு கடிகாரம், முள் தெரியாத அளவுக்கு 'உபயம்' என்று மில்காரரின் பெயர். எஞ்சினுக்கு ஆளுயர மாலை, டிரைவருக்குப் பொன்னாடை. ஒரு நிமிடம் நிற்கிற ரயிலுக்கு இவ்வளவையும் எந்த நேரத்தில் செய்வீர்கள் என்று குழுவில் ஒருவரிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, டீச்சருக்கு எப்போதும் குற்றம் சொல்லத்தான் தெரியும் என்று சிரித்தபடி போய்விட்டார்.

அக்கா அரக்குக் கரை போட்ட பச்சைச் சேலை கட்டியிருந்தாள். தோளில் கைப்பை, அதற்குள் டிபன் பாக்ஸ். கூட்டமெல்லாம் எஞ்சின் நிற்கிற பக்கம். நாங்கள் இருவர் மட்டும் நடுவில், பெட்டி வந்து நிற்கும் என்று கணக்குப் பண்ணிய இடத்தில் நின்றோம். படியைத் தரையில் போட்டு, ஆடாமல் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தேன். ரயில் வளைவில் தெரிந்தது. அப்போது வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் எஞ்சின் பக்கமிருந்து ஓடி வந்தார்.

"டீச்சர், இதச் சித்தக் குடுங்க. டிரைவருக்குப் பொன்னாடை போட எட்டாது. போட்டதும் கொண்டாந்துர்றேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் படியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார். நான் கத்தினேன். மேளச் சத்தத்தில் என் கத்தல் எனக்கே கேட்கவில்லை. வண்டி வந்து நின்றது. அக்காவுக்கு நேராக ஒரு பெட்டியின் வாசல், அவள் கணக்குப் போட்டபடியே, அடி பிசகாமல் வந்து நின்றது. படி மட்டும் இல்லை.

அக்காவை அங்கேயே விட்டுவிட்டு எஞ்சினை நோக்கி ஓடினேன். அங்கே என் அக்காவின் படி டிரைவரின் சன்னலுக்குக் கீழே கிடந்தது. அதன் மேல் மில்காரர் ஏறி நின்றுகொண்டிருந்தார், கையில் பொன்னாடை. அவர் வேட்டியைப் பிடித்து காண்ட்ராக்டர் கீழே இழுத்துக்கொண்டிருந்தார். முதல் மரியாதை கீழத்தெருவுக்கு என்று பேசி முடித்திருந்தார்களாம், மேலத்தெரு முந்திக்கொண்டதாம். ஒருவர் இறங்குவார், மற்றவர் ஏறுவார், ஏறியவரை எதிர்த்தெரு ஆட்கள் இறக்குவார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டு தெரு ஆட்களும் எஞ்சினுக்கு முன்னால் தண்டவாளத்திலேயே இறங்கி நின்று, மரியாதை முடிவாகாமல் வண்டி நகராது என்றார்கள். டிரைவர் ஊதி ஊதிப் பார்த்துவிட்டுச் சன்னலை மூடிக்கொண்டார். கடைசி வரைக்கும் அந்த மனிதருக்கு ஒரு பொன்னாடையும் விழவில்லை.

நான் படியின் ஒரு காலைப் பிடித்து இழுத்தேன். அது எங்கள் அக்கா ஏறுவதற்குச் செய்தது, கொடுத்துவிடுங்கள், அவள் அங்கே நிற்கிறாள் என்று சொன்னேன். மேலே நின்றுகொண்டிருந்த மில்காரர் குனிந்து என்னைப் பார்த்தார்.

"ஊர் மானப் பிரச்சினை ஓடிக்கிட்டு இருக்கு டீச்சர். இந்த நேரத்துலயா பலகைக்கு வந்து நிக்கிறீங்க?"

ஒரு நிமிடம் நிற்க வேண்டிய ரயில் அன்றைக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் நின்றது. என் அக்கா பழகிய வேகத்துக்கு அதில் எத்தனையோ தடவை ஏறி இறங்கியிருக்கலாம். பெட்டி வாசலில் நின்றவர்கள் சண்டையைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகுதான் கீழே ஒருத்தி நிற்பதைக் கவனித்து ஒன்றிரண்டு பேர் கையை நீட்டியிருக்கிறார்கள். படி வரட்டும் என்று அவள் மறுத்துவிட்டாள். தூக்கிவிடுகிறோம் என்று இறங்கியவர்களிடமும் அதையே சொன்னாள். போலீஸ் வந்து தண்டவாளத்திலிருந்து ஆட்களை விலக்கியது. வண்டி நகர்ந்தது. நான் வெறுங்கையோடு திரும்பி வந்தபோது கடைசிப் பெட்டி அவளைத் தாண்டிக்கொண்டிருந்தது. கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அழுதது நான்தான். அவள் என் முதுகைத் தட்டி, வா போவோம் என்றாள். வீடு வரைக்கும் காலிபரின் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது.

அடுத்த நாளிலிருந்து வண்டி நிற்கவில்லை. சட்டம் ஒழுங்கு, பயணிகள் பாதுகாப்பு, தாமதம் என்று காரணம் எழுதிச் சோதனை நிறுத்தத்தை ரத்து செய்துவிட்டார்கள். ஒரு நாளில் சோதனை முடிந்தது. மேலே இருப்பவர்களுக்கும் இது வசதியாகப் போயிற்று, கொடுக்க மனமில்லாமல் கொடுத்ததைப் பிடுங்க நாங்களே காரணத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்திருந்தோம். ஊரில் மேலத்தெரு கீழத்தெருவைத் திட்டியது, கீழத்தெரு மேலத்தெருவைத் திட்டியது. போனது எந்தத் தெரு ரயில் என்று யாராவது கேட்டார்களா என்றால் இல்லை. எங்கள் படியும் திரும்பி வரவில்லை.

மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் மாலை மில்காரரும் காண்ட்ராக்டரும் ஒன்றாக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சமாதானம் ஆகிவிட்டார்களாம். புது மனு போடப்போகிறார்களாம், அதற்கு அக்காவின் புதுப் படம் வேண்டுமாம், இந்தத் தடவை அமைச்சரையே பார்த்துவிடலாமாம். இருவர் கையிலும் ஆளுக்கொரு பொன்னாடை, அக்காவுக்குப் போர்த்த. போர்த்த எழுந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யார் முதலில் என்ற யோசனை. எனக்கு உள்ளேயிருந்து விளக்குமாற்றை எடுத்து வரலாமா என்றிருந்தது.

அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்து அசையவில்லை.

"பொன்னாடையெல்லாம் வேணாங்கண்ணே. எங்க படி எங்க இருக்கு?"

இரண்டு பேருக்கும் முதலில் புரியவில்லை. பிறகு மில்காரர், அது நம்ம மில்லில் பத்திரமாக இருக்கிறது தங்கச்சி என்றார். உடனே காண்ட்ராக்டர் குறுக்கே வந்தார். அதை ஒரு தெரு மட்டும் கொண்டுவந்து கொடுத்தால் நன்றாக இருக்காது, இரண்டு தெருவும் சேர்ந்து ஒரு சின்ன விழா வைத்து முறைப்படி ஒப்படைப்போம் என்றார். மில்காரரும் யோசித்துவிட்டு, அதுதான் முறை என்றார். நாங்கள் பணம் கொடுத்து, எங்கள் ஆசாரியிடம் செய்த படியை எங்களுக்கே ஒப்படைக்க விழா. அதில் யார் கையால் முதலில் என்று மறுபடி ஒரு பஞ்சாயத்து நடக்கும், அதற்குள் என் அக்காவுக்குத் தலை நரைத்துவிடும். இரண்டு பேரையும் போகச் சொன்னேன். நல்ல வார்த்தையில் சொன்னேன் என்று சொல்ல மாட்டேன்.

மறுநாள் காலையில் நேராக மில்லுக்குப் போனேன். ஆபீஸ் அறையில் எங்கள் படி நின்றது. மேல்தட்டில் ஒரு தண்ணீர் கேன், கீழ்த்தட்டில் டம்ளர்கள். வேலைக்காரர்கள் வந்து குடித்துவிட்டுப் போகிறார்கள். கேனை இறக்கிக் கீழே வைத்தேன், டம்ளர்களை எடுத்து மேசையில் வைத்தேன். முதலாளி வரட்டும், ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுங்கள் டீச்சர் என்று கணக்கப்பிள்ளை எழுந்தார். வந்தால் டீச்சர் வந்து எடுத்துப் போனாள் என்று சொல்லுங்கள் என்றேன். படியை இடுப்பில் வைத்துக்கொண்டு மேலத்தெரு வழியாகவும் நடந்தேன், வேண்டுமென்றே சுற்றிக் கீழத்தெரு வழியாகவும் நடந்தேன். ஒருத்தரும் எதுவும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து வாசலில் இறக்கிவைத்த பிறகுதான் கவனித்தேன். இரண்டு தட்டுகளிலும் சிவப்பு எனாமல் பெயின்டில் எழுதியிருந்தது. மேல்தட்டில் 'உபயம்' என்று மில்காரரின் பெயர், இனிஷியலோடு. கீழ்த்தட்டில் அவர் தெருவின் பெயர், மில்லின் பெயர்.

எங்கள் காசு, எங்கள் அளவு, எங்கள் படி. அதைப் பிடுங்கிக்கொண்டு போய் அவள் ரயிலையும் கெடுத்துவிட்டு, அதன் மேலேயே தன் பெயரையும் எழுதியிருக்கிறார் அந்த மனிதர். உப்புத்தாள் வாங்கிவந்து இப்போதே சுரண்டுகிறேன், அது போகாவிட்டால் ஆசாரியிடம் இழைப்புளி வாங்கி வருகிறேன் என்று செருப்பை மாட்டினேன். அக்கா கம்பை ஊன்றி எழுந்து வந்தாள். குனிந்து இரண்டு தட்டையும் நிதானமாக வாசித்தாள்.

"இருக்கட்டும்டி," என்றாள். "நான் கால் வைக்கிற எடத்துலதான எழுதியிருக்காரு."

பிறகு, நாளைக்குக் காலையில் இதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு வா என்றாள். பஸ்ஸா என்று கேட்டேன். கடைக்காரர் சொன்ன மாதக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கிறது, ரயில் நிற்கத்தான் நாள் இல்லை என்றாள்.

இப்போது அவள் பஸ்ஸில்தான் காரைக்குடிக்கு வேலைக்குப் போகிறாள். பஸ் வந்ததும் படியைப் போடுவேன். முதல் சில நாள் நடத்துநர் விசில் ஊதித் தீர்த்தார். ஊதுங்கள், நான் ஏறின பிறகுதான் பஸ் போகும் என்று அக்கா அவரிடமே சொல்லிவிட்டாள். யாரையும் தொடவிடுவதில்லை. படி அவளோடு பஸ்ஸிலேயே போகிறது, அங்கே இறங்கும்போது நடத்துநர் எடுத்துப் போடுகிறார், அவருக்கு மனம் சரியில்லாத நாளில் யாராவது பயணி எடுத்துப் போடுவார். நல்ல ஏற்பாடு என்று நான் சொல்ல மாட்டேன். அவளுக்கு இடுப்பு வலிக்கிறது, இரவில் தைலம் தேய்த்துவிடுகிறேன். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது காலை ரயில் ஊதுகிற சத்தம் கேட்கும். கேட்டில் நின்று, நகர்ந்து, மறுபடி நின்று போகும். எனக்கு ஒவ்வொரு நாளும் அதே கோபம் வருகிறது, ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

அக்கா அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. கீழ்த்தட்டில் வலது காலை வைப்பாள், பிறகு மேல்தட்டில் வைப்பாள், கம்பியைப் பிடித்துக்கொண்டு இடது காலை மெதுவாக இழுத்துச் சேர்ப்பாள். காலிபரின் இரும்பு அந்தச் சிவப்பு எழுத்தின் மேல் 'கிறீச்' என்று உரசிக்கொண்டு ஏறும். இனிஷியல் ஏற்கெனவே போய்விட்டது.